கட்டுத்தரைக்குள் வெயில்

செல்லியம்மாளின் எருமைக்குச் சிட்டு என்று பெயர். கன்றாக இருந்தபோது நோஞ்சானாய்க் குருவி மாதிரி இருந்ததால் வைத்தது. இப்போது அது கூரை வேய்ந்த கட்டுத்தரையில் நின்றால் பின்னால் இருக்கிற சுவர் தெரியாது. மாசிக் கடைசியில் பக்கத்துக் காட்டில் மேய்ந்துவிட்டு வரும்போது துருப்பிடித்த வேலிக் கம்பி ஒன்று அதன் இடது பின்னந்தொடையைக் கிழித்துவிட்டது. சின்னக் கிழிசல்தான். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து வைத்தார்கள். ஆறவில்லை. மல்லசமுத்திரத்து டாக்டர் வந்து ஊசி போட்டார். வற்றின மாதிரி இருந்து மறுபடி சீழ் வைத்தது. வேறு ஊசி போட்டார். அதுவும் அப்படியே. பங்குனி பாதியில் புண் உள்ளங்கை அகலமாகி, ஓரமெல்லாம் தடித்து, சிட்டு மூன்று காலில் நிற்கத் தொடங்கியிருந்தது. வயிற்றில் கன்று வேறு.

அப்போதுதான் அந்த டாக்டர் நாமக்கல்லில் இருந்த கோகிலவாணிக்குப் போன் செய்தார்.

கோகிலவாணிக்குச் சொந்த ஊர் ஆத்தூர். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் கற்பிக்கிறாள். எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது, எது அடங்க மறுக்கிறது என்று பார்ப்பதே அவளுடைய ஆராய்ச்சி. கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து நடுநடுவே மருந்து வில்லைகளை வைப்பாள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி ஒன்றும் முளைக்காத வெற்று வட்டம் விழும். அவள் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்த வட்டங்கள் சிறுத்துக்கொண்டே வந்திருக்கின்றன. அந்த டாக்டர் அனுப்பிவைத்த சிட்டுவின் சீழிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்த்தபோது பெரும்பாலான வில்லைகளைச் சுற்றி வட்டமே விழவில்லை. வில்லையை இடித்துக்கொண்டு வெள்ளையாய்க் கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது. அடங்கக்கூடிய மருந்து ஒன்றே ஒன்று இருந்தது. சினை மாட்டுக்கு அதைக் கொடுக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

தன் தோழி ஸ்ரீதேவியை அவள் போனில் கூப்பிட்டாள்.

ஸ்ரீதேவி ஓமலூர்க்காரி. வேதியியல் படித்து அங்கேயே ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வெளிச்சத்தை வாங்கிச் சூடாக மாற்றித் தருகிற ஒரு கறுப்புப் படலத்தோடு ஐந்தாறு வருடங்களாக மல்லுக்கட்டுகிறவள். உலோகம் எதுவும் இல்லாத, முழுக்க முழுக்க உயிர்ப்பொருள் வகையைச் சேர்ந்த படலம் அது. உடம்பிலேயே இருக்கிற ஒரு சிறு வேதிப்பொருளைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் காரத்தன்மை சேர்த்து, அதற்குள் மெல்லிய பருத்தித் துணியை முக்கி வைப்பாள். சாயங்காலம் வைக்கும்போது தண்ணீர் தண்ணீராகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் வெளிர் டீ நிறம் வரும். மறுநாள் காலையில் பார்த்தால் மை. துணியின் ஒவ்வொரு இழை மேலும் கண்ணால் அளக்க முடியாத மெல்லிசில் ஒரு கறுப்புத் தோல் பிடித்திருக்கும். கழுவினாலும் போகாது. நம் தலைமுடியைக் கறுப்பாக்குகிற, எருமைத் தோலைக் கறுப்பாக்குகிற பொருளுக்கு அது ஒன்றுவிட்ட தங்கை மாதிரி.

"புண்ணு மேல அதப் போட்டு வெளிச்சம் காட்டினா அந்த இடம் மட்டும் சூடாகும். கிருமிக்குத் தாங்காது. மருந்துக்குப் பழகுற மாதிரி சூட்டுக்கு அவ்வளவு லேசாப் பழக முடியாது" என்று ஸ்ரீதேவி முன்பே சொல்லியிருந்தாள். எலிகளிடம் செய்து பார்த்துவிட்டார்கள். பெரிய விலங்குகளுக்குச் செய்துபார்க்க அனுமதியும் வந்துவிட்டது. சரியான நோயாளிக்காகத்தான் இருவரும் காத்திருந்தார்கள்.

"எவ்வளவு பெரிய விலங்கு?" என்று கேட்டாள் ஸ்ரீதேவி.

"எருமை."

"கோகிலா, நான் எரும பக்கத்துலயே போனதில்லடி. நீயே பாத்துக்க. துணி எவ்வளவு வேணுமோ தரேன்."

கோகிலவாணி துணிகளையும், கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசுகிற ஒரு விளக்குக் கருவியையும் வாங்கிக்கொண்டு மல்லசமுத்திரத்துக்கு வண்டியைத் திருப்பினாள்.

தோட்டத்துக்குள் நுழையும்போதே பேச்சு கேட்டது. செல்லியம்மாளின் கணவர் அங்கமுத்து வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். பல வருடங்கள் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் மெக்கானிக்காக வடநாடெல்லாம் சுற்றிவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறவர்.

"மாட்டு வியாபாரி வெள்ளிக்கெழம வாரேன்னு சொல்லீட்டானாக்கும். இன்னும் நாள் போனா அவனும் வாங்க மாட்டான், பாத்துக்க!"

"வரட்டும். வந்தா சீமாத்த எடுத்துச் சாத்தறேன்" என்றாள் செல்லியம்மாள், மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே. கோகிலவாணியைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "வாங்க டாக்டரம்மா. இவரு பேச்சக் கேக்காதீங்க. எரும எனக்குச் சொந்தம். என்ற அய்யன் கொடுத்த மாட்டுக்குப் பொறந்தது."

கோகிலவாணி தான் செய்யப்போவதை இருவருக்கும் விளக்கினாள். இது புது முறை என்றாள். குணமாகலாம், ஆகாமலும் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை. வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடலாம் என்றாள். செல்லியம்மாள் முழுவதும் கேட்டாள். பிறகு அந்தக் கறுப்புத் துணியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். கொசுவலை போல ஊடுருவித் தெரிந்தது. அப்படியே உள்ளங்கையில் விரித்து வைத்தாள். சற்று நேரத்தில் கையை உதறினாள்.

"அட சாமி! சுடுதுங்க!"

"அதுதாங்க வேலையே."

"இத்தன மெல்லுசுல இத்தன சூடா?" செல்லியம்மாள் மறுபடியும் துணியைக் கையில் விரித்தாள். இந்த முறை சுடும்வரை சிரித்துக்கொண்டே வைத்திருந்தாள்.

அன்று வேலை நடக்கவில்லை. புண்ணைக் கழுவித் துணியைப் போர்த்தும்வரை சிட்டு அசையாமல் நின்றது. விளக்குக் கருவியைப் பக்கத்தில் வைத்து ஓட விட்டதும் அதற்குள் இருந்த சின்ன விசிறி 'ங்ஙீ' என்று சுழன்றது. அந்தச் சத்தம் சிட்டுக்கு ஆகவில்லை. காதுகளை விறைத்தது. கண்ணின் வெள்ளை தெரிந்தது. கோகிலவாணி கருவியை அணைக்கக் கையை நீட்டுவதற்குள், வலித்த காலை ஊன்றி நல்ல காலால் ஒரு உதை. கருவி தவிட்டுத் தொட்டியில் மோதி, கண்ணாடி உடைந்து, ஒரு வயர் மட்டும் தொங்க அங்கமுத்துவின் காலடியில் வந்து விழுந்தது.

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். "இது தேறாதுங்க" என்றார், ஒரு மெக்கானிக்கின் துக்கத்தோடு.

கோகிலவாணி உடைந்த துண்டுகளைப் பொறுக்கினாள். வேறு கருவி வர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் புண் எலும்புவரை போய்விடும். வண்டியில் ஏறும்போது அவள் செல்லியம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் செல்லியம்மாள் விடுவதாக இல்லை. வண்டி வரைக்கும் வந்தாள்.

"அந்த மிசினு இல்லாட்டி என்னங்க? வெளிச்சந்தான வேணும்? எங்கூர்ல வெயிலுக்கென்ன பஞ்சமா?"

அதைத்தான் கோகிலவாணியும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீதேவியிடம் கேட்டபோது அவள் பதறினாள். "சூரியன் என்ன ஸ்விட்ச் போட்டா நிக்குமா? நமக்கு நாப்பத்தெட்டு டிகிரி வேணும். அதுக்குக் கீழ இருந்தா கிருமி சிரிக்கும். அம்பதத் தாண்டினா புதுசா வளர்ற சதை வெந்துரும். அந்த நடுவுல இருக்கிற சந்துல நிக்கணும், கோகிலா. வெயில வெச்சு எப்படி நிப்ப?"

"துணிய எடுத்தா சூடு எறங்கிரும் இல்ல?"

"எறங்கிரும். ஆனா எப்ப எடுக்கணும்னு யாரு சொல்றது?"

கொரோனா காலத்தில் எல்லார் நெற்றியிலும் நீட்டிய வெப்பமானித் துப்பாக்கி ஒன்று கோகிலவாணியின் மேசை இழுப்பறையில் கிடந்தது; ஒரு பொத்தானைத் தட்டினால் பொருட்களின் சூட்டையும் அது அளக்கும். அதை எடுத்துக்கொண்டு மறுநாள் போனாள்.

சிட்டுவை வாசலுக்குக் கொண்டுவந்து, முதுகு முழுக்க ஈரச் சாக்குகளைப் போர்த்தி, புண் இருக்கிற இடத்தை மட்டும் வெயிலுக்குத் திறந்து வைத்தார்கள். எருமைக்கு வியர்வை போதாது. அதன் கறுப்பு வெயிலை அப்படியே குடித்துக்கொள்ளும். குட்டையைத் தேடி ஓடுவது அதனால்தான். செல்லியம்மாள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஊற்ற ஊற்ற சாக்கு காய்ந்தது. சிட்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. கோகிலவாணி துப்பாக்கியைப் புண்ணுக்கு நேரே நீட்டி எண்ணைப் படித்துக்கொண்டிருந்தாள். நாற்பது, நாற்பத்து நான்கு என்று ஏறியது நாற்பத்தெட்டில் நிற்கவில்லை. ஐம்பதைத் தொடுவதற்குள் சிட்டு கயிற்றை இழுத்துத் திமிறி, சாக்கெல்லாம் சரிய, நேராகக் கட்டுத்தரை நிழலுக்குள் போய் நின்றுகொண்டது.

"அதுக்கே தெரியுது" என்றார் அங்கமுத்து. அவர் குரலில் கேலி இல்லை. மாடு படுகிற பாட்டைப் பார்த்து அவரும் கலங்கித்தான் போயிருந்தார்.

கோகிலவாணி துணியை எடுத்துவிட்டுப் புண்ணைச் சோதித்தாள். வேகவில்லை. நல்ல வேளை. கையைக் கழுவ வாசலுக்கு வந்தாள். தண்ணீர் தீர்ந்துபோன எவர்சில்வர் குடம் ஒன்று வாசலில் சாய்ந்து கிடந்தது. அவள் அதை நிமிர்த்தியபோது, கட்டுத்தரையின் இருட்டுக்குள் ஒரு வெளிச்சத் துண்டு குதித்தது. குடத்தை அசைத்தாள். வெளிச்சம் கூரையில் ஓடி, சுவரில் இறங்கி, சிட்டுவின் வயிற்றில் போய் நின்றது. சிட்டு அதைச் சட்டை செய்யவே இல்லை. அசை போட்டுக்கொண்டிருந்தது.

கோகிலவாணி குடத்தை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"செல்லியக்கா, உள்ள போய் அந்த வெளிச்சத்துல கைய வெச்சுப் பாருங்க."

செல்லியம்மாள் போய் வைத்தாள். "எளஞ்சூடா இருக்குதுங்க."

"குடம் உருண்டையா இருக்குது, அதனால வெளிச்சம் சிதறிப்போகுது. தட்டையா, பெருசா ஒரு கண்ணாடி வேணும். உங்க வீட்டுல இருக்குதுங்களா?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் ஒரே ஒரு பெரிய கண்ணாடிதான் இருந்தது. அது இரும்பு பீரோவின் கதவில் ஆள் உயரத்துக்குப் பதித்திருந்தது.

அங்கமுத்து உள்ளே போனார். ஸ்பானர் விழுகிற சத்தமும், ஏதோ இறுகிப்போன ஆணியைத் திட்டுகிற சத்தமும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் பீரோக் கதவைத் தலைமேல் சுமந்துகொண்டு அவர் வெளியே வந்தார். உள்ளே இருந்த சேலைகள், ரேஷன் அட்டை, குலதெய்வக் கோயில் திருநீற்றுப் பை எல்லாம் வெட்டவெளியாய்த் தெரிந்தன. செல்லியம்மாள் ஓடிப்போய் ஒரு பெட்ஷீட்டை எடுத்துப் பீரோவை மூடினாள்.

"கதவு திரும்ப மாட்டிக்கலாம்" என்றார் அங்கமுத்து யாருக்கோ பதில் சொல்வதுபோல. "சினை மாட்ட வித்தா அந்தப் பாவத்த எங்க மாட்டறது?"

வெள்ளிக்கிழமை வியாபாரியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. வர வேண்டாம் என்று அவரே போனில் சொல்லிவிட்டதைச் செல்லியம்மாள்தான் பிற்பாடு சொன்னாள்.

முதல் முயற்சியில் கண்ணாடியைப் பிடிக்கவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கை நடுங்கினால் வெளிச்சம் மாட்டின் முதுகுக்கும் வாலுக்கும் ஓடியது. அங்கமுத்து ஒரு பழைய கயிற்றுக் கட்டிலின் சட்டத்தை நிமிர்த்தி, கதவை அதில் கட்டி, கீழே ஒரு கல்லை முட்டுக்கொடுத்தார். கல்லை நகர்த்தினால் சாய்வு மாறும். சூரியன் நகர நகரக் கல்லையும் நகர்த்த வேண்டும். ஏற்பாடு முடிந்ததும் ஒரு ஆள் உயர வெளிச்சம் கட்டுத்தரைக்குள் படுத்துக்கொண்டது. சாணத்தூசி அதில் மினுங்கியது. சிட்டு நிழலில் நின்றது. தலையில் நிழல், முதுகில் நிழல், மூச்சும் சீராக இருந்தது. அதன் பின்னந்தொடைமேலும் அங்கே ஒட்டியிருந்த கறுப்புத் துணிமேலும் மட்டும் வெயில் வந்து உட்கார்ந்திருந்தது.

கோகிலவாணி துப்பாக்கியை நீட்டினாள். முப்பத்தேழு, நாற்பத்திரண்டு, நாற்பத்து நான்கு. அங்கேயே நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் ஆனாலும் நாற்பத்து நான்கு.

"போதாதுங்களா?" என்றாள் செல்லியம்மாள்.

"இன்னும் கொஞ்சம் வேணும்."

வேலிக்கு அப்பால் நின்று இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்து வள்ளியாத்தாள் மெல்ல உள்ளே வந்தாள். "எம்மவ சீர்ல கொடுத்த டிரெஸ்ஸிங் டேபிளு கண்ணாடி சும்மாதான கெடக்குது. தரட்டுங்களா?"

அந்த இரண்டாவது கண்ணாடி வந்ததும் வித்தை கைக்கு வந்தது. பெரியது அசையாமல் ஒரு அளவு வெயிலைக் கொடுத்தது. சிறியதைச் செல்லியம்மாள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோகிலவாணி "ஏத்துங்க" என்றால் அவள் அதன் வெளிச்சத்தைப் புண்மேல் காட்டினாள். "எறக்குங்க" என்றால் சுவருக்குத் திருப்பினாள். எண் நாற்பத்தேழுக்குப் போனது. நாற்பத்தெட்டைத் தொட்டது. நாற்பத்தொன்பது என்றதும் கோகிலவாணி வாய் திறப்பதற்குள் செல்லியம்மாள் கண்ணாடியைத் திருப்பிவிட்டாள்.

அன்று அவர்கள் அந்தச் சந்துக்குள்ளேயே நின்றார்கள். சிட்டு ஒரு தடவை வாலை வீசியது. அவ்வளவுதான்.

முடிந்தபின் கோகிலவாணி ஸ்ரீதேவிக்குப் போன் போட்டாள். எண்களைச் சொன்னாள். எப்படிச் செய்தோம் என்பதையும் சொன்னாள். பீரோக் கதவு என்றதும் மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. சிரித்து ஓய்ந்ததும் ஸ்ரீதேவி கேட்டாள்: "பக்கத்துத் தோல் எவ்வளவு இருந்துச்சு?"

"துணிக்கு ஓரமா, துணி இல்லாத எடத்தையும் அளந்தேன். அங்க வெறும் நாப்பது. அதே வெயில்தான் ரெண்டு மேலயும் விழுது."

"எருமத் தோலே கறுப்பு. அதுவே நாப்பதுலதான் நிக்குதா?"

"தோலுக்குக் கீழ ரத்தம் ஓடுது, சூட்ட எடுத்துட்டுப் போயிருது. உன் துணிக்குக் கீழ செத்த சதை. சூடு அங்கயே தேங்குது. உன் துணி அந்த எடத்த மட்டும் சரியாப் புடிக்குதுடி."

ஸ்ரீதேவி, "நாளைக்குப் புதுத் துணி கொண்டாந்து பஸ்ல கொடுத்து விடறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கப்புறம் தினமும் காலை வெயில் சாய்வாக இருக்கும்போதே வேலை தொடங்கியது. கோகிலவாணியால் எல்லா நாளும் வர முடியாது. வர முடியாதபோது அங்கமுத்து துப்பாக்கியைப் பிடித்தார், செல்லியம்மாள் கண்ணாடியைப் பிடித்தாள், வீடியோ அழைப்பில் கோகிலவாணி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மேகம் மூடியது. எண் ஏறவே இல்லை. அன்று வேலை இல்லை என்று விட்டுவிட்டார்கள். இன்னொரு நாள் கண்ணாடியைப் பார்த்து வேறொரு எருமை வருகிறதென்று நினைத்துச் செல்லியம்மாளின் எருமைக்கிடா முட்ட வந்தது. அங்கமுத்து குறுக்கே விழுந்து கதவைக் காப்பாற்றினார். முழங்கையில் தோல் வழன்றுபோனது. "எனக்கும் ஒரு துண்டு கருப்புத் துணி ஒட்டியுடுங்க" என்றார் போனில்.

சூடு தனியாக எல்லாவற்றையும் செய்துவிடவில்லை. நாற்பத்தெட்டில் கிருமிகளின் மேலுறை தளர்ந்துபோகிறது. அப்போது முன்பு பலிக்காத பழைய, சாதுவான மருந்துகூட உள்ளே நுழைந்துவிடும். கோகிலவாணி அதைச் சிறிய அளவில் சேர்த்துக் கொடுத்தாள். அடுத்த முறை புண்ணிலிருந்து எடுத்ததை வளர்த்தபோது தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புள்ளிகள் இருந்தன. அதற்கடுத்த முறை மருந்து வில்லையைச் சுற்றி ஒரு வெற்று வட்டம் விழுந்திருந்தது. அவள் அந்தத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பல வருடங்களாகச் சிறுத்துக்கொண்டே வந்த ஒன்று, முதல்முறையாகப் பெரிதாகியிருக்கிறது. பக்கத்து மேசையில் இருந்த மாணவி, "மேடம், ஏதாவது தப்பாயிருச்சா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்று தட்டை அவள் பக்கம் நீட்டினாள்.

சித்திரை நடுவில் சீழ் நின்றது. புண்ணின் அடியில் சிவப்பாய், ஈரமாய், மாதுளை முத்து போலச் சதை பூத்தது. ஓரங்கள் நெருங்கி வந்தன. ஒரு காலையில் வீடியோ அழைப்பை எடுத்தபோது செல்லியம்மாள் போனைக் கீழே தாழ்த்திக் காட்டினாள். சிட்டு நான்கு கால்களையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தது.

"பாத்தீங்களா சாமி?" என்றாள் பிறகு. "பாத்தீங்களா?"

வைகாசியில் கன்று பிறந்தது. கிடேரி. செய்தி கேட்டதும் ஸ்ரீதேவி, "நானும் வரேன்" என்றாள்.

அவள் அந்தப் படலத்தைக் கண்ணாடித் தட்டுகளில் பார்த்திருக்கிறாள், நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறாள், கணினித் திரையில் கோடுகளாகப் பார்த்திருக்கிறாள். அதன் வேலை முடிந்த ஒரு உடம்பை அவள் தொட்டதில்லை. தோட்டத்துக்குள் கார் நுழைந்ததும் அவள் கோகிலவாணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டுத்தரையில் சிட்டு படுத்திருந்தது. பக்கத்தில் நீளக் கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு கன்று தடுமாறிக்கொண்டிருந்தது.

செல்லியம்மாள் மோர் கொண்டுவர உள்ளே போனாள். அங்கமுத்து விருந்தாளியைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டார். டாக்டரம்மாவின் ஊர்க்காரப் பெண் யாரோ என்று நினைத்துவிட்டார் போல. இந்த ஒரு மாதத்தில் மல்லசமுத்திரம் டீக்கடையில் அவர் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை.

"வாங்கம்மணி, பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது. இங்க பாருங்க, இந்த எடம். இதுல என்ற கையே உள்ள போவுமுங்க, அப்படி இருந்துச்சு."

தொடையில் இப்போது ஒரு மெல்லிய வடு மட்டும் இருந்தது, வெற்றிலைக் காம்பு நீளத்தில்.

"என்ன வைத்தியம் பண்ணுனீங்க?" என்று கேட்டாள் ஸ்ரீதேவி.

கோகிலவாணி வாயைத் திறந்தாள். "அண்ணா, இவங்கதான்..."

ஸ்ரீதேவி அவள் விரலை அழுத்தினாள். கோகிலவாணி நிறுத்திக்கொண்டாள்.

"ஒரு கருப்புத் துணிங்க" என்றார் அங்கமுத்து. "துணின்னா துணி இல்லைங்க. துணி மேல ஒரு தோலு. கண்ணுக்கே தெரியாது, அத்தன மெல்லுசு. நான் வடக்க ரிக்குல இருந்தப்ப ஆயிரம் அடி பாறையக் கொடஞ்சவனுங்க. டைமண்டு பிட்டு, கம்ப்ரசரு, என்னென்னமோ பாத்திருக்கேன். இந்த மாதிரி ஒண்ணப் பாத்ததில்லைங்க. சத்தம் போடாது. பொகை இல்லை. டீசல் கேக்காது. வெயில உறிஞ்சும், சூடாக் கொடுக்கும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். ஆனா அத நெம்ப நல்லாத் தெரிஞ்சிருக்குது பாருங்க!"

"அப்புறம்?" என்றாள் ஸ்ரீதேவி.

"அப்புறமென்னங்க, கிருமியெல்லாம் பொறுக்க மாட்டாம ஓடிப்போச்சு. இத யாரோ ஒரு மகராசி ஓமலூர்ப் பக்கம் செய்யறாங்களாம். ராத்திரி தண்ணீல துணிய ஊறப்போட்டா காத்தால கருப்பா வந்துருமாம். நெசமாத்தான் சொல்றேன். நான் கண்டதில்லை, டாக்டரம்மா சொன்னாங்க."

ஸ்ரீதேவி குனிந்து, தயங்கித் தயங்கி, ஒரு விரலால் அந்த வடுவைத் தொட்டாள். தோல் வெதுவெதுப்பாக இருந்தது. அதற்கடியில் எங்கோ நாடி துடிப்பது தெரிந்தது. விரலை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. சிட்டு தலையைத் திருப்பி அவளைப் பார்த்துவிட்டு, கன்றை நக்குவதற்குத் திரும்பிக்கொண்டது.

செல்லியம்மாள் மோர்ச் சொம்போடு வந்தாள். "ஏனுங்க, வந்தவங்கள நிக்க வெச்சே பேசறீங்க? கட்டலப் போடுங்க."

"போடறேன், போடறேன்." அங்கமுத்து கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு ஸ்ரீதேவியைப் பார்த்தார். "நீங்க எந்த ஊருங்க?"

"ஓமலூருங்க."

"அட! அப்ப அந்தம்மாளத் தெரியுமாட்ட இருக்குதே?"

"பாத்திருக்கேனுங்க" என்றாள் ஸ்ரீதேவி. கண்ணைத் துடைத்துக்கொண்டு மோரை வாங்கினாள்.

"பாத்தா சொல்லுங்க. மல்லசமுத்திரத்துல அங்கமுத்துன்னு ஒருத்தன், கன்னு போட்டிருக்குது, சீம்பால் வாங்கிட்டுப் போகச் சொன்னான்னு சொல்லுங்க."

"சொல்றேனுங்க" என்றாள் அவள். கோகிலவாணி சிரிப்பை அடக்க முடியாமல் கன்றின் பக்கம் திரும்பிக்கொண்டாள். செல்லியம்மாள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. உள்ளே போய், ஒரு தூக்குப் போசி நிறையச் சீம்பாலை ஊற்றிக்கொண்டு வந்து ஸ்ரீதேவியின் மடியில் வைத்தாள்.